எச்.ஐ.வி. மருந்தின் விலையை இறக்கியது போட்டியா, போராட்டமா?

"2000-ஆம் ஆண்டு வாக்கில் ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆன எச்.ஐ.வி. சிகிச்சை இன்று 50 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. இந்தியக் கம்பெனிகள் போட்டி போட்டு விற்றதால் விலை விழுந்தது. ஊர்வலம் போனவர்களும் கோஷம் போட்டவர்களும் இதில் என்ன செய்தார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலையை இறக்கியது போட்டிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் போட்டி நடக்கவிடாமல் காப்புரிமைச் சட்டங்களும் வர்த்தக மிரட்டல்களும் வழிமறித்து நின்றன. இன்னொரு பக்கம், வாங்க ஆள் இல்லாத சரக்கில் யாரும் போட்டி போட மாட்டார்கள். மருந்தை வாங்க வேண்டிய அரசாங்கங்களே வேண்டாம் என்றன. வழியைத் திறந்தது யார், அரசாங்கங்களை வாங்க வைத்தது யார் என்று பார்த்தால் இரண்டு இடத்திலும் நிற்பவர்கள் பெரும்பாலும் எச்.ஐ.வி. உள்ளவர்கள்தான். ஆண்டு வாரியாகச் சொன்னால் இது விளங்கும்.

மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸை அடக்கிவிடலாம் என்பது 1996-இல் உறுதியானது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எய்ட்ஸ் சாவுகள் சரசரவென்று குறைந்தன. தென்னாப்பிரிக்காவில் அதே காலத்தில் வயது வந்தோரில் ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்குத் தொற்று ஏறிக்கொண்டிருந்தது. மருந்து இருந்தது. விலைதான் எட்டவில்லை. விலை குறைந்தாலும் பயனில்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அமெரிக்க வெளிநாட்டு உதவி அமைப்பின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ நாட்சியோஸ் 2001-இல், ஆப்பிரிக்கர்கள் கடிகாரம் பார்த்து வாழ்பவர்கள் அல்லர், வேளாவேளைக்கு மாத்திரை போட அவர்களால் முடியாது என்ற பொருளில் பேசினார். பிறகு வந்த ஆய்வுகளில், மருந்தைத் தவறாமல் எடுப்பதில் ஆப்பிரிக்க நோயாளிகள் வட அமெரிக்கர்களைவிடக் குறைந்தவர்கள் அல்லர் என்று தெரிந்தது. அந்தப் பேச்சை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அதை நம்பி எத்தனை அதிகாரிகள் கோப்பை மூடி வைத்திருப்பார்கள்!

இந்தியக் கம்பெனிகளுக்கு இதில் எப்படி இடம் கிடைத்தது? இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டும் தந்தது. வேறு முறையில் அதே மருந்தைத் தயாரித்தால் குற்றமில்லை. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் என்ற எச்.ஐ.வி. மருந்துகள் மூன்றும் மூன்று வெவ்வேறு பன்னாட்டுக் கம்பெனிகளுடையவை. ஒருவர் சரக்கை இன்னொருவர் தொட முடியாது என்பதால் மேலை நாடுகளில் இவை தனித்தனி மாத்திரைகளாகவே இருந்தன. இந்தியக் கம்பெனியான சிப்லா மூன்றையும் ஒரே மாத்திரைக்குள் வைத்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, அவ்வளவுதான். 2001 பிப்ரவரியில் அதன் தலைவர் யூசுஃப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலர், அரசாங்கங்களுக்கு 600 டாலர் என்று விலை சொன்னார். முதல் விலை நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. உலகம் அதிர்ந்தது அன்றுதான்.

விலை சொல்லிவிட்டால் மருந்து போய்ச் சேர்ந்துவிடுமா? தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். மலிவான மருந்தை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வகை செய்யும் சட்டத்தை மண்டேலா அரசு 1997-இல் நிறைவேற்றியது. அதை எதிர்த்து மருந்துக் கம்பெனிகள் 1998-இல் பிரிட்டோரியா நீதிமன்றத்துக்குப் போயின. விசாரணைக்கு வந்தபோது 39 கம்பெனிகள். முதல் பிரதிவாதியின் பெயர் நெல்சன் மண்டேலா. அமெரிக்க அரசும் தன் பங்குக்குத் தென்னாப்பிரிக்காவை வர்த்தகக் கண்காணிப்புப் பட்டியலில் போட்டு நெருக்கியது. 1999 ஜூனில் துணை அதிபர் அல் கோர் தேர்தல் பிரசாரத்தைத் தொடங்கிய மேடைக்கு முன்னாலேயே எய்ட்ஸ் போராளிகளான 'ஆக்ட் அப்' அமைப்பினர் புகுந்து, ஆப்பிரிக்கர்களைக் கொல்வது உங்கள் பேராசைதான் என்று கத்தினார்கள். அவர் போகும் கூட்டத்துக்கெல்லாம் இப்படி வந்து நிற்கவே, அந்த நெருக்கடி சில மாதங்களில் தளர்ந்தது. 2000 மே மாதம் அமெரிக்க அதிபர் கிளிண்டன், சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள நாடுகள் எச்.ஐ.வி. மருந்துக்காகச் சட்டப்படி எடுக்கும் நடவடிக்கைகளில் அமெரிக்கா தலையிடாது என்று ஆணையிட்டார். நீங்கள் 'கோஷம் போட்டவர்கள்' என்றது இவர்களையும் சேர்த்துத்தானே? கோஷத்தால் ஒரு வல்லரசின் கொள்கை மாறியது என்பது வரலாற்றில் பதிவாகி இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவுக்குள் இந்தப் போராட்டத்தை நடத்தியது 'டிரீட்மென்ட் ஆக்ஷன் கேம்பெய்ன்', சுருக்கமாக டி.ஏ.சி. 1998 டிசம்பர் 10, மனித உரிமை நாளில், கேப் டவுன் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தின் படிக்கட்டில் ஒரு சிறு கூட்டம் கையெழுத்து வாங்கத் தொடங்கியதுதான் ஆரம்பம். அதே மாதத்தில் குவாசுலு-நட்டாலில் குகு த்லாமினி என்ற பெண், தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளியே சொன்ன பிறகு அடித்துக் கொல்லப்பட்டார். அந்த நாட்டில் அந்த வேளையில்தான் டி.ஏ.சி. ஆட்கள் முன்னால் 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். தொற்று உள்ளவர், இல்லாதவர் எல்லாரும் அதையே போட்டார்கள். யார் யார் என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி செய்ததே அவர்களுக்குக் கவசமானது.

ஒரு மாத்திரையின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஃபுளூகோனசோல். இது எச்.ஐ.வி. மருந்துகூட இல்லை. எதிர்ப்புச் சக்தி போனவர்களுக்கு வாயிலும் தொண்டையிலும் படரும் பூஞ்சைக்கும், பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலுக்கும் கொடுப்பது. தொண்டை முழுக்க வெள்ளையாகப் படர்ந்தால் எச்சில் விழுங்குவதே வேதனை, சோறு இறங்காது. டி.ஏ.சி.யின் தொண்டர் கிறிஸ்டோபர் மொராகா இந்த நோயோடு நாடாளுமன்றக் குழு முன்னால் போய் நின்று மருந்து விலையைப் பற்றிச் சாட்சி சொன்னார். மருந்து கிடைக்காமல் 2000 ஜூலையில் இறந்தார். ஃபைசர் கம்பெனியின் மாத்திரை ஒன்று தென்னாப்பிரிக்கத் தனியார் கடைகளில் 80 ரேண்டுக்கு (ரேண்டு அந்நாட்டு நாணயம்) மேல் விற்றது. தாய்லாந்தில் அதே மருந்தின் ஜெனரிக் (வேறு கம்பெனி தயாரிக்கும் அதே மருந்து) 2 ரேண்டுக்கும் குறைவு. டி.ஏ.சி.யின் தலைவர் ஜாக்கி அக்மத் அந்த அக்டோபரில் பாங்காக் போய் மாத்திரைகளை வாங்கி வந்தார். காப்புரிமைச் சட்டத்தை மீறுகிறோம் என்று ஊரறியச் சொல்லிவிட்டே கொண்டுவந்தார்கள். போராட்டத்துக்கு மொராகாவின் பெயரை வைத்தார்கள். ஆண்டு முடிவதற்குள் ஃபைசர் அரசு மருத்துவமனைகளுக்கு அந்த மருந்தை இலவசமாகத் தருவதாக ஒப்பந்தம் போட்டது. 80 ரேண்டு மாத்திரையைச் சும்மா கொடுக்க முடியுமானால் அந்த விலை எதை வைத்துப் போட்டது என்று மக்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

2001 மார்ச்சில் பிரிட்டோரியா வழக்கு விசாரணைக்கு வந்தபோது இந்தக் கேள்விதான் நீதிமன்றத்துக்குள் போனது. டி.ஏ.சி. தன்னையும் வழக்கில் நீதிமன்றத்துக்கு உதவும் தரப்பாகச் சேர்க்கக் கேட்டு, நோயாளிகளின் பிரமாண வாக்குமூலங்களோடு வந்தது. நீதிபதி அனுமதித்தார். ஆராய்ச்சிச் செலவுதான் விலைக்குக் காரணம் என்றால் கணக்கைக் காட்ட வேண்டிய நிலை கம்பெனிகளுக்கு வந்தது. இதே நேரத்தில் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மாணவர்கள் வேறொரு முனையைப் பிடித்தார்கள். ஸ்டாவுடினின் காப்புரிமை அந்தப் பல்கலைக்கழகத்திடமே இருந்தது, விற்பனை உரிமை மட்டும் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் கம்பெனிக்கு. ஏழை நாட்டு நோயாளிகளைச் சாகடிக்கவா எங்கள் பல்கலைக்கழகம் என்று மாணவர்கள் கிளம்ப, மருந்தை உருவாக்கிய பேராசிரியர் வில்லியம் புரூசோஃபும் அவர்கள் பக்கம் நின்றார். சில வாரங்களில், தென்னாப்பிரிக்காவில் அந்தக் காப்புரிமையைக் காட்டி யாரையும் தடுக்க மாட்டோம் என்று கம்பெனி அறிவித்தது. ஏப்ரல் 19 அன்று 39 கம்பெனிகளும் வழக்கை வாபஸ் வாங்கின, அரசின் வழக்குச் செலவையும் ஏற்றுக்கொண்டன. அதே ஆண்டு நவம்பரில் தோஹாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பு, மக்கள் உடல்நலத்தைக் காக்கும் உரிமையைக் காப்புரிமை ஒப்பந்தம் தடுக்கக் கூடாது என்று எழுத்தில் கொடுத்தது.

இதோடு முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். வழக்கில் யாருக்காக டி.ஏ.சி. வாதாடியதோ அந்த அரசே அடுத்த எதிராளியானது. அதிபர் தாபோ உம்பெகி எச்.ஐ.வி.யால் எய்ட்ஸ் வருகிறது என்பதையே சந்தேகப்பட்டார். சுகாதார அமைச்சர் மான்டோ ஷபலாலா-உம்சிமாங் பூண்டு, எலுமிச்சை, பீட்ரூட் என்று பட்டியல் சொன்னார். பிரசவ நேரத்தில் தாய்க்கு ஒரு வேளை நெவிராபின், பிறந்த குழந்தைக்கு ஒரு வேளை என்று கொடுத்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகும். அந்த மருந்தை ஐந்தாண்டுகளுக்கு இலவசமாகத் தருகிறோம் என்று கம்பெனியே முன்வந்தது. அரசு மாகாணத்துக்கு இரண்டு இடங்களில் மட்டும் 'சோதனையாக'க் கொடுத்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 70,000 குழந்தைகள் தொற்றோடு பிறந்துகொண்டிருந்த நாடு அது. டி.ஏ.சி. வழக்குப் போட்டது. 2002 ஜூலை 5 அன்று அரசியல் சாசன நீதிமன்றம், மருத்துவர் தேவை என்று கருதினால் எந்த அரசு மருத்துவமனையிலும் அந்த மருந்தைக் கொடுக்கத் தடை இருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

பெரியவர்களுக்கான சிகிச்சைக்கு அதன் பிறகும் ஓராண்டு போராட வேண்டியிருந்தது. தனக்கு மருந்து வாங்க வழி இருந்தும், அரசு மருத்துவமனையில் ஏழைக்குக் கிடைக்கும் வரை எடுக்க மாட்டேன் என்று அக்மத் உறுதியாக இருந்தார். மண்டேலா அவர் வீட்டுக்கே போய்க் கேட்டும் இணங்கவில்லை. அந்த முடிவு சரியா என்று அவருடைய தோழர்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. எனக்கும் அதில் முழு உடன்பாடு கிடையாது, ஒருவர் உயிரைப் பணயம் வைத்துத்தான் அரசாங்கத்துக்கு உறைக்க வேண்டுமா? 2003 மார்ச்சில் டி.ஏ.சி. ஆட்கள் காவல் நிலையங்களுக்குப் போய், மருந்து தராமல் மரணங்களுக்குக் காரணமானதாக இரண்டு அமைச்சர்கள் மேல் புகார் கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து கைதானார்கள். ஆகஸ்ட் 8 அன்று அமைச்சரவை இறங்கி வந்தது. இந்தத் தாமதத்தால் 2000-க்கும் 2005-க்கும் இடையில் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் பின்னால் கணக்கிட்டார்கள். இன்று அந்த நாட்டில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சையில் இருக்கிறார்கள். உலகிலேயே பெரிய கொள்முதல் அது. உங்கள் போட்டிக்கு அந்தச் சந்தையை உண்டாக்கிக் கொடுத்தது அந்தக் கைதுகள்தான்.

இனி நம் ஊர். ஆப்பிரிக்காவுக்கு மருந்து போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில் இங்கே நிலைமை என்ன? 350 டாலர் என்பது அன்றைய கணக்கில் 16,000 ரூபாய்க்கு மேல். லாரி கிளீனர் வீட்டிலும் கூலிக்குப் போகும் விதவைத் தாய் வீட்டிலும் அது கனவுத் தொகை. நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-இல் கண்டறியப்பட்டது சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த பரிசோதனையில். அதற்குப் பதினெட்டு ஆண்டு கழித்து, 2004 ஏப்ரலில்தான் அரசு இலவச ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து) சிகிச்சையைத் தொடங்கியது, அதுவும் தொற்று அதிகமுள்ள ஆறு மாநிலங்களிலும் டெல்லியிலும் சில மருத்துவமனைகளில் மட்டும். தாம்பரம் சானடோரியம் அவற்றில் ஒன்று.

அடுத்த ஆண்டே வேறு ஆபத்து வந்தது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005 முதல் இந்தியா மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை தர வேண்டும். இந்தியாவிலும் வெளியிலும் எழுந்த எதிர்ப்பால் திருத்தச் சட்டத்தில் இரண்டு காப்புகள் நின்றன. ஒன்று பிரிவு 3(டி): தெரிந்த மருந்தின் உருவத்தை மட்டும் மாற்றி, அதன் பலன் கூடியிருப்பதைக் காட்டாமல், புதிய காப்புரிமை கேட்க முடியாது. இன்னொன்று பிரிவு 25(1): காப்புரிமை கொடுக்கும் முன்பே யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை மனு போடலாம். 'யார் வேண்டுமானாலும்' என்பதில் நோயாளியும் அடக்கம்.

அதைப் பிடித்துக்கொண்டவர்கள் இந்திய எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பு, மணிப்பூர் கூட்டமைப்பு, டெல்லி கூட்டமைப்பு, பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பு ஆகியவை. முதலாவதும் கடைசியும் சென்னையில் பிறந்தவை. 2006 மார்ச்சில் கொல்கத்தா காப்புரிமை அலுவலகத்தில் அவர்களில் சிலர் எதிர்த்தது பன்னாட்டு மருந்துக் கம்பெனியான கிளாக்ஸோவின் காம்பிவிர். ஜிடோவுடின், லாமிவுடின் என்ற இரண்டு பழைய மருந்துகளைச் சேர்த்த மாத்திரை அது. தனித்தனியே இரண்டுக்கும் இந்தியாவில் காப்புரிமை கேட்க வழியில்லை. அதனால் விண்ணப்பத்தில் இரண்டோடு சிலிக்கன் டை ஆக்ஸைடைச் சேர்த்ததைக் கண்டுபிடிப்பாகக் காட்டியிருந்தார்கள். மாத்திரை அடிக்கும் மெஷினில் பொடி கட்டிப் பிடிக்காமல் சீராக ஓடுவதற்கு மருந்துத் தொழிலில் எப்போதும் சேர்க்கிற சாதாரணப் பொருள் அது! பெங்களூரிலும் பாங்காக்கிலும் கம்பெனி அலுவலகங்கள் முன் நோயாளிகள் கூடினார்கள். ஆகஸ்டில் கிளாக்ஸோ விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. குழந்தைகளுக்கான நெவிராபின் சிரப்புக்கும் இப்படித்தான். மூலக்கூறோடு அரை மூலக்கூறு தண்ணீர் சேர்ந்த வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டார்கள், சென்னைக் கூட்டமைப்புகள் இரண்டும் எதிர்த்தன, 2008-இல் அது தள்ளுபடியானது.

டெனோஃபோவிர் விஷயம் இவற்றைவிட முக்கியம். மலிவு மாத்திரையில் இருந்த ஸ்டாவுடின் உயிரைக் காப்பாற்றியது, ஆனால் சில ஆண்டுகளில் கன்னம் ஒட்டிப் போகும், கால் எரியும், மரத்துப் போகும். முகத்தைப் பார்த்தே 'அந்த நோய்' என்று ஊர் கண்டுபிடித்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. பதிலுக்கு வர வேண்டிய டெனோஃபோவிருக்கு காப்புரிமை கிடைத்திருந்தால் ஏழைகளுக்குப் பழைய மருந்தே கதி. நோயாளிக் கூட்டமைப்புகள் எதிர்த்த அந்த விண்ணப்பம், ஏற்கெனவே தெரிந்த சேர்மத்தின் உப்பு வடிவம்தான் என்று 2009-இல் நிராகரிக்கப்பட்டது. இன்று ஏ.ஆர்.டி. மையத்தில் கையில் வாங்கும் ஒற்றை மாத்திரையில் (டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்தது) முதல் பெயர் அதுதான். 2017-இல் அந்த மாத்திரைக்கு ஆண்டுக்கு 75 டாலர் என்று உச்சவரம்பு விலை வந்தது, இப்போது 45 டாலருக்கும் கீழே.

பிரேசிலும் தாய்லாந்தும் வேறு வழிகளில் போயின. பிரேசில் 1996-லேயே சட்டம் போட்டு மருந்தை இலவசமாக்கி, அரசு ஆலையில் தயாரித்தது. தாய்லாந்து 2006, 2007-இல் கட்டாய உரிமம் (காப்புரிமைக் கம்பெனியின் சம்மதம் இல்லாமலே மருந்தைத் தயாரிக்கவோ வாங்கவோ அரசு தரும் அனுமதி) கொடுத்தபோது, அபாட் கம்பெனி தன் புதிய மருந்துகளின் பதிவு விண்ணப்பங்களை அந்த நாட்டிலிருந்து விலக்கிக்கொண்டு பழி தீர்த்தது. இதை விலாவாரியாக எழுத இங்கே இடமில்லை.

போராட்டம் பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2024-இல் லெனகாபவிர் என்ற ஊசியின் ஆய்வு முடிவு வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. அமெரிக்காவில் இதன் விலை ஆண்டுக்கு 28,218 டாலர். அதைத் தயாரிக்கும் கிலியட் கம்பெனி ஆறு ஜெனரிக் தயாரிப்பாளர்களுக்கு, 120 நாடுகளில் விற்க உரிமம் கொடுத்தது. அவர்களில் இருவர் 2027 முதல் ஆண்டுக்கு சுமார் 40 டாலருக்குத் தருவதாக 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த 120-இல் பிரேசில் இல்லை, அர்ஜென்டினா இல்லை, மெக்சிகோ இல்லை, பெரு இல்லை. இந்த ஊசியின் இன்னொரு ஆய்வுக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் இந்த நான்கு நாட்டிலும் இருக்கிறார்கள். எந்த நாட்டு ஏழைக்கு மலிவு விலை, எந்த நாட்டு ஏழைக்கு இல்லை என்று கோடு போடும் அதிகாரம் கம்பெனியின் கையில் இருக்கிறது. 2001-இல் ஹமீது யாரிடமும் உரிமம் கேட்கவில்லை. இன்று காப்புரிமை உள்ள மருந்தில் எந்த இந்தியக் கம்பெனியும் அப்படிச் செய்ய முடியாது, 2005-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த வாசலைப் பாதிக்கு மேல் மூடிவிட்டது. அதனால்தான் இந்த மருந்தின் உப்பு வடிவங்களுக்கான விண்ணப்பங்களையும் இந்தியாவில் நோயாளிகள் தரப்பு எதிர்த்திருக்கிறது.

அந்த எதிர்ப்பு மனுவுக்கும் இப்போது இடைஞ்சல். 2024 மார்ச்சில் திருத்திய விதிகளின்படி, முன்பு செலவில்லாமல் போட்ட ஆட்சேபணை மனுவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும், மனு ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலில் பார்த்த பிறகே கம்பெனி பதில் சொல்ல வேண்டும். தொண்டு நன்கொடையில் ஓடும் ஒரு கூட்டமைப்புக்கு ஒவ்வொரு மருந்தின் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியாக இதைச் செய்வது எளிதில்லை. டெல்லியில் 2022-இல் மருந்துத் தட்டுப்பாட்டை எதிர்த்து தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வாசலில் வாரக்கணக்கில் உட்கார்ந்தவர்களும் இதே கூட்டமைப்பு ஆட்கள்தான். ஒரு கையில் காப்புரிமை விண்ணப்பத்தையும் இன்னொரு கையில் அடுத்த மாத மாத்திரைக்கான கோரிக்கையையும் வைத்துக்கொண்டு அவர்கள் இன்னும் அலைகிறார்கள்.